டைவர் அழகுமுத்துவின் கீழ் நம்பர்

முனியாண்டி கல் இருக்கும் வளைவில் அழகுமுத்து ஹோர்னை இரண்டு தரம் அடிப்பார். முதலாவது, எதிரே வரக்கூடிய வண்டிக்கு. இரண்டாவது, முனியாண்டிக்கு. "நாம வர்றது சாமிக்குத் தெரியாமப் போயிறக் கூடாதுல்ல, வாத்தியாரய்யா?" என்று என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். அப்படித் திரும்பும்போது பாதையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவதால், நானும் முனியாண்டியைக் கும்பிட்டுக்கொள்வேன்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வட்டவளை ஸ்டேஷனுக்கு ஏழு மைல். முப்பத்தொரு வளைவுகள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷமே இந்த லொறியும் தோட்டத்துக்கு வந்தது. அன்றிலிருந்து பதினான்கு வருஷமாக இதை ஓட்டுகிறவர் அழகுமுத்து. திங்கள், புதன், சனி மூன்று நாளும் தேயிலைப் பெட்டிகளோடு இறங்குவார். அரிசி, மா, உரமூட்டைகளோடு ஏறுவார். சனிக்கிழமைகளில் பத்திரிகை வாங்கப் போகும் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு முன் ஆசனத்தில் நிரந்தர இடம்.

ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஸ்டியரிங்கிற்கு மேலே பாதை தெரிய வேண்டுமென்பதற்காக நாலாக மடித்த கோணிச் சாக்கில்தான் உட்காருவார். எப்போதோ ஒரு துரை விட்டுப்போன காக்கிக் கோட்டின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டிருப்பார். காதை மூடிய கம்பளித் தொப்பி. முன்னால் பிதுங்கிய சிறு தொந்தி. வண்டியின் பெயர் மகராசி. ஏற்றத்தில் அது திணறும்போது, "இந்தா, இன்னும் ஒரு வளைவுதான், மூச்சப் புடிச்சுக்க தாயி" என்று தட்டிக் கொடுப்பார். அது ஏறிவிட்டால் வெற்றி இருவருக்கும் பொது. நின்றுவிட்டாலோ, தவறு முன்னால் போன பஸ்காரனுடையது. அப்போது அவர் வாயிலிருந்து வருவதை வாத்தியார் என்கிற முறையில் நான் எழுத முடியாது.

போன வருஷம் ஆடிக் காற்றில் ஸ்டேஷனிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொழும்பிலிருந்து அனுப்பிய, இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்று எழுதியிருந்ததால், அதை என் மடியில் வைத்து, ஏழு மைலையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிவந்தார் அழகுமுத்து. ஆஸ்பத்திரி வாசலில் தன் கையாலேயே இறக்கி, தன் கையாலேயே ஆணியையும் பிடுங்கிக் கொடுத்தார். தன்னைப் பிடிக்கப்போகிற பொறியைத் தானே ஏற்றிவந்த எலியை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். புதிய கருவியை யார் கையிலாவது கட்டிப் பார்க்க அவருக்கு ஒரே அவசரம்.

"அழகுமுத்து, இதிலை இரும். முதல் ஆளா உம்மிலை பாப்பம்."

"எனக்கு என்னங்கய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று கோட்டைக் கழற்றினார் அழகுமுத்து.

முத்துலிங்கம் துணிப்பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கி, பாதரசம் இறங்குவதைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். பிறகு மற்றக் கையில் கட்டினார். அவர் முகத்தில் இருந்த குதூகலம் மெல்லப் போய்விட்டது.

"மேல் நம்பர் நூற்றைம்பது. அதைக்கூட விடும். கீழ் நம்பர் நூற்றுப் பதினாலு நிக்குது. அதுதான் பிழை."

"கீழ என்னங்கய்யா இருக்கு?"

"நெஞ்சு ஒருக்கா அடிச்சால், அடுத்த அடிக்கு முன்னம் கொஞ்சம் ஆறும். அந்த ஆறுற நேரத்திலையும் இரத்தக் குழாய்க்குள்ளை இவ்வளவு அழுத்தம் கிடக்குது. தொண்ணூறுக்கு மேலை கிடக்கக் கூடாது."

அழகுமுத்து தாடையைச் சொறிந்தார். "அதாவது, வண்டி நியூட்ரல்ல நிக்கிறப்பவே எஞ்சின் அலறுதுங்கிறீங்க."

முத்துலிங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், கிட்டத்தட்ட அதுதான்" என்றார். "நோவு ஒண்டும் தெரியாது. ஒரு நாளைக்கு வளைவிலை வைச்சு கை கால் ஒரு பக்கம் இழுத்துதெண்டால் நீரும் போவீர், லொறியும் போகும், பக்கத்திலை இருக்கிற வாத்தியாரும் போவார்."

இதைச் சொல்லிவிட்டு, "வாத்தியார், நீங்களும் ஒருக்கா கையைத் தாங்கோவன்" என்றார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று சனிக்கிழமை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாதம் ஒரு முறை வரும் பெரிய டொக்டர் அடுத்த வாரம் வந்தார். அவரும் பார்த்தார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் கீழ் நம்பர் நூறுக்குக் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் லொறிச் சாவியை வாங்கிவிடச் சொல்லி துரைக்கு எழுதுவார். சாவி போனால் அழகுமுத்துவுக்கு உர ஸ்டோரில் காவல் வேலை என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "மூட்டைக்குக் காவலா? மூட்டை எங்கய்யா ஓடப்போகுது?" என்று எல்லோரிடமும் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஒரே கேள்வியை ஒரு மனிதர் ஒரு நாளில் ஆறு பேரிடம் கேட்டால், அது வேடிக்கைக்காகக் கேட்பதல்ல.

தினம் காலையில் விழுங்க ஒரு மருந்துக் குளிசை. உப்புப் பாதிக்குப் பாதி. கருவாடு, ஊறுகாய் கூடாது. சாராயம் கூடாது, பீடி கூடாது, கத்தக் கூடாது. நடக்க வேண்டும். முத்துலிங்கம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழகுமுத்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். இரண்டாவது கைக்கு வந்ததும், "மூச்சு விடலாமுங்களா?" என்று கேட்டார்.

இவற்றில் கருவாடுதான் பெரிய இடி. வட்டவளைக் கடைவீதியில் மஃறூப் நானா வாரா வாரம் அவருக்கென்று நல்ல கட்டாக் கருவாட்டுத் துண்டு எடுத்துவைப்பார். பார்சல் எஞ்சின் சூடு படும் இடத்தில் என் கால்மாட்டில் பயணம் செய்யும். அந்த வாரம் என்ன வகைக் கருவாடு வந்தது என்பதை என் வேட்டியை முகர்ந்தே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். குளிசை எழுதிக்கொடுத்த அடுத்த சனிக்கிழமை அழகுமுத்து கடைக்குள் மெதுவாக நுழைந்து, "சின்னத் துண்டா ஒண்ணு" என்று விரலால் அளவு காட்டினார்.

மஃறூப் நானா அசையவில்லை. "ஒங்கட பொஞ்சாதி நேத்தே வந்து செல்லிட்டுப் போய்ட்டாங்க, டைவர். ஒங்களுக்குக் கருவாடு தந்தா ஒங்கட தோட்டத்துப் பொம்பளைகள் ஒருத்தரும் என்ட கடைக்கு வர மாட்டாங்களாம். கராம்பு தாரன், வாயில போட்டுக்கோங்க."

அப்படியாகத்தான் பீடி இருந்த இடத்திலும் கருவாடு இருந்த இடத்திலும் கராம்பு வந்தது.

அந்தப் பொஞ்சாதி பூரணியம்மா. மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கணவரைவிட அரைத்தலை உயரம், கால்வாசிப் பேச்சு. கடைக்குச் சொல்ல ஏழு மைல் நடந்து போய், ஏழு மைல் நடந்து வந்திருக்கிறார். உப்புச் சட்டியை அடுத்த வீட்டுக் காம்பராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "ரெண்டு சட்டி வச்சு ஆக்க எனக்கு நேரமில்லீங்க. ஒரே சட்டிதான்" என்றார் என்னிடம். மலையில் காலையிலிருந்து மாலைவரை நிற்கிறவர் சொல்வது நியாயம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நடை இன்னொரு கூத்து. அவர்கள் வரிசை வீடுகள் இருக்கும் மேட்டு லயத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஒன்றரை மைல். பதினான்கு வருஷமாக லொறியை லயத்து முனையிலேயே நிறுத்திக்கொண்டிருந்தவர், இப்போது அதைத் தொழிற்சாலை ஷெட்டில் விட்டுவிட்டு நடந்து ஏற வேண்டும். மனிதருக்கு நடக்கவே மறந்துபோயிருந்தது. பாதையின் இடது ஓரம் தவறாமல் நடப்பார். வளைவு வந்தால் தொண்டையைக் கனைப்பார். மேலே மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இதைக் கண்டுவிட்டார்கள்.

"டைவரண்ணே, ஹோர்ன் கேக்கல!"

"பேட்டரி வீக்கு, தங்கச்சி!"

"ரிவர்ஸ்ல போங்கண்ணே, பாப்போம்!"

ஒரு மலை முழுக்கச் சிரிக்கும். அவரும் இடுப்பில் கைவைத்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சாக்கில் கொஞ்சம் நின்றுகொள்ளலாமே!

முதல் மாதம் முடிந்தது. எனக்கு இருமல் மருந்து வாங்க நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பூரணியம்மா மலையிலிருந்து நேராக வந்து, கூடையோடு வாசலில் நின்றார். முத்துலிங்கம் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு மாதமாக் குளிசை போட்டும் ரெண்டுதான் குறைஞ்சிருக்கோ? நீர் ஒழுங்காப் போடுறீரே?"

"நல்லாக் கேட்டீங்க போங்க!" என்று அழகுமுத்து சட்டைப் பையிலிருந்து குளிசைப் போத்தலை எடுத்து மேசையில் பெருமையாக வைத்தார். முப்பதில் பதினேழு அப்படியே இருந்தன. "பாருங்க, எம்புட்டு மிச்சம் புடிச்சிருக்கேன்! லொறி ஓடுற நாளைக்கு மட்டும் ஒண்ணு. வண்டி ஷெட்ல கெடக்கிற நாளைக்கு எதுக்குங்கய்யா எண்ணெய் ஊத்தணும்?"

முத்துலிங்கம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து, சிவப்பும் நீலமுமாக இரத்தக் குழாய்ப் படம் காட்டி, கால் மணி நேரம் விளங்கப்படுத்தினார். அழுத்தம் ஓட்டத்தைப் பார்த்து வருவதில்லை, ஓய்ந்திருக்கும்போதும் இருப்பதுதான் அவருடைய வியாதி, ஒரு நாள் விட்டாலும் பழையபடி ஏறிவிடும் என்றார். அழகுமுத்து ஒவ்வொரு படத்துக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். கடைசியில், "எல்லாம் சரிங்க. ஆனா ஓடாத நாளைக்கு நான் சும்மாதானே இருக்கேன்?" என்றார்.

வாசலிலிருந்து பூரணியம்மா பேசினார். "ஏங்க, ஓடுற வண்டிக்கா சில்லுக்குக் கட்டை வைப்பீங்க? நிக்கிற வண்டிக்குத்தானே வைப்பீங்க?"

எங்கள் மலையில் ஒரு லொறி நிற்கிற அளவுக்குச் சமதரை கிடையாது. ஷெட்கூடச் சரிவுதான். வண்டியை எங்கே நிறுத்தினாலும் கை பிரேக்கை இழுத்து, உருளாதபடி பின் சில்லுக்கு மரக்கட்டை வைக்காமல் இறங்குகிற டைவர் இங்கே எவரும் இல்லை. அழகுமுத்து இரண்டு கட்டை வைப்பார். பிறகு திரும்பி வந்து காலால் உதைத்தும் பார்ப்பார். அவர் போத்தலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி போத்தலைப் பார்த்தார்.

"அப்ப இது எண்ணெய் இல்லையா? கட்டையா?"

"கட்டைதான்" என்றார் பூரணியம்மா.

"அட, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்று முத்துலிங்கத்திடம் வருத்தப்பட்டுக்கொண்டார். முத்துலிங்கம் புத்தகத்தை மூடிவிட்டு, பூரணியம்மாவைப் பார்த்து, "இந்த மனுசிக்கு நான் சம்பளம் குடுக்க வேணும்" என்றார்.

அன்றிலிருந்து குளிசை ஒரு நாளும் தவறவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அழகுமுத்து வாசலுக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீரோடு அதை விழுங்கி, "கட்டை வச்சாச்சு!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். "ரெண்டு கட்டையா, ஒரு கட்டையா?" என்று நாலாவது காம்பராவிலிருந்து யாராவது கேட்பார்கள். குளிசை மூக்கை அடைத்தது. அதையும் அவர் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் இப்போது அவருக்குத் தெரிவதே இல்லையாம். எனக்குத்தான் தெரிந்தது.

கத்துவதை நிறுத்தியது இன்னும் பெரிய அதிசயம். ஒரு நாள் பதினெட்டாம் வளைவில் பஸ்காரன் வழிவிடாமல் நடுப்பாதையில் வந்து முட்டிக்கொண்டு நின்றான். நான் காதைப் பொத்தத் தயாரானேன். அழகுமுத்து கராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். லொறியை மெல்லப் பின்னால் எடுத்து ஒதுக்கினார். "போயிட்டு வாங்க ராசா" என்றார். பஸ்காரன் பயந்துபோய் இறங்கி வந்து, "அண்ணே, உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

இரண்டாம் மாதக் கடைசியில் நூற்று நாலு. இறங்குகிறது, ஆனால் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. தவணைக்கு ஒரு மாதம்தான் மிச்சம். அதற்குள் தீபாவளி வந்து குறுக்கே நின்றது.

தோட்டத்துத் தீபாவளி என்றால் ஆட்டிறைச்சியும் போத்தலும்தான். பூரணியம்மாவின் தம்பிமார் இருவர் வட்டகொடையிலிருந்து இரண்டையும் தாராளமாகக் கொண்டுவந்து இறங்கியிருந்தார்கள். நான் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லப் போனபோது வீட்டுக்காரரைக் காணோம். தொழிற்சாலை ஷெட்டில் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.

"மூணாந் தடவ கழுவுறேன்" என்றார். "இன்னைக்கு லயத்துப் பக்கம் போனா நான் நானா இருக்க மாட்டேன். மச்சினன்மாரு ஊத்திக் குடுத்தா வேணாங்க வாய் வராது. இவளைக் கழுவிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும்." துணியைப் பிழிந்தார். "பயமா இருக்குங்க, வாத்தியாரய்யா. சாவுக்கு இல்ல. உர ஸ்டோருக்கு."

சிரிக்க வாயெடுத்த நான் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இந்த மனிதரிடமிருந்து அந்தச் சாவியை வாங்குகிறவர் யாராயிருந்தாலும், அவர் நன்றாயிருக்க மாட்டார் என்று எனக்கு அந்த நிமிஷம் கோபமாகவே வந்தது.

பூரணியம்மா தம்பிமாரை லயத்தில் விட்டுவிட்டு, சோற்றுச் சட்டியோடு ஷெட்டுக்கே வந்துவிட்டார். சட்டி மூடியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சோறும், இரண்டு துண்டு இறைச்சியும், பூசணிக்காயும். முதல் கவளம் என் தொண்டையில் நின்றுவிட்டது. ஒரு கல் உப்பு இல்லை. எதிரே பூரணியம்மா அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்ளக் கூடாதா, அம்மா?"

"அவளுக்கென்னங்க, மலையில மத்தப் பொம்பளைங்களோட சம்பலும் ரொட்டியுமா வெட்டிருவா" என்றார் அழகுமுத்து.

பூரணியம்மா ஒரு கவளத்தை மென்று விழுங்கிவிட்டு, "மலைக்கும் இந்தச் சோறுதான் கொண்டு போறேன்" என்றார். "நான் ஒளிச்சு வச்சு ருசியாத் தின்னுட்டு வந்தா, உங்களுக்கு இதை எப்படிங்க ஊட்ட முடியும்?"

அழகுமுத்து சட்டியில் மிச்சமிருந்த இறைச்சித் துண்டை மனைவியின் பக்கம் தள்ளிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாவது தடவை கழுவப் போனார்.

தவணை முடிந்த நாள் பெரிய டொக்டர் வந்தார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டு, எனக்கு வராத இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்து பூரணியம்மாவும் வந்திருந்தார். கூடையின் கயிறு தலையிலேயே இருந்தது. அழகுமுத்து சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவராக ஸ்டூலில் உட்கார்ந்தார். டொக்டர் கேட்குமுன்பே, "தீவாளிக்கு ரெண்டு துண்டு எறைச்சி தின்னேங்க. அம்புட்டுதான்" என்று வாக்குமூலம் கொடுத்தார்.

பட்டை இறுகியது. பாதரசம் ஏறி, இறங்கியது. டொக்டர் மறுபடி ஏற்றினார். முத்துலிங்கம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூற்றாறு" என்றார் டொக்டர். "ஹொந்தய், நல்லது. லொறி ஓட்டலாம். மருந்தை நிற்பாட்டக் கூடாது. அடுத்த மாதமும் வர வேண்டும்."

முத்துலிங்கம் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அழகுமுத்து துள்ளிக் குதிப்பார், முனியாண்டிக்குச் சேவல் நேர்வார், குறைந்தது ஒரு கூச்சலாவது போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்தார்.

"ஐயா, இவளுக்கும் ஒருக்காக் கட்டிப் பாருங்க. மூணு மாசமா உப்பில்லாத சோத்தத் தின்னுக்கிட்டு மலை ஏறியிருக்கா. இவ கைய இதுவரைக்கும் யாரும் பாக்கலைங்க."

"எனக்கு எதுக்குங்க? நேரமாச்சு, மலைக்குப் போகணும்" என்று பூரணியம்மா பின்வாங்கினார். கூடையோடு ஸ்டூலில் உட்காரவும் முடியாது.

அழகுமுத்து எட்டி அவர் தலையிலிருந்த கயிற்றை எடுத்தார். எண்ணெய் வைத்த தன் தலையிலேயே அதை மாட்டிக்கொண்டார். உயரம் போதாத அந்த முதுகில் கூடை முழங்கால்வரை தொங்க, மனைவி உட்காரும்வரைக்கும் அப்படியே நின்றார்.